மணியைக் கட்டிவைத்த நாட்கள்

அப்பாவைப் பாம்பு கடித்தது நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டில், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழக்கிழமை. அத்தை அதை ஆறாம் வகுப்பு என்பாள். ஆறாம் வகுப்பு ஆண்டில் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், மார்ச் மாதமே வந்துவிட்டது. குனிந்து பொறுக்கும் அளவுக்கு எங்கள் பக்கம் அப்போது முந்திரி உதிர்ந்திருக்காது. அப்பா குனிந்தது உதிர்ந்த முந்திரிக்குத்தான். ஆகவே ஐந்தாம் வகுப்பு.

சருகுக்குள் கிடந்தது கண்ணாடி விரியன். சித்தப்பா பைக்கில் அப்பாவை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஜெயங்கொண்டம் கொண்டுபோனார். அங்கிருந்து ஆம்புலன்சில் அரியலூர். அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு அம்மா கூடவே போனாள். என்னை அத்தையிடம் விட்டார்கள்.

வரதராஜன்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கோவில் சிறியது, சாமியார் பெரிய கோவில் இருக்கும் பங்கு ஊரிலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். பாட்டுக் குழுவுக்குச் சித்தப்பாதான் கீபோர்டு. அவரை விட்டால் வாசிக்க ஆள் இல்லை. அதனால் அன்று மாலை அவர் அரியலூரிலிருந்து நேராகக் கோவிலுக்கு வந்தார். சட்டைக் கையில் அப்பாவின் ரத்தம் காய்ந்திருந்தது. நானும் குழுவில் பாடுகிறவள் என்பதால் அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடும்போது கோபுர மணி, பீட மணி, கைமணி எல்லாம் ஒன்றாக அடிக்கும். அதோடு சரி. பிறகு சனிக்கிழமை பாஸ்கா பூசையில் மறுபடி வானவர் கீதம் வரும்வரை மணிக்குப் பேச்சே இல்லை. கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் கோபுர மணியின் கயிற்றைச் சுருட்டித் தூணில் கட்டிவிடுவார். கீபோர்டுக்கு வெள்ளைத் துணி போர்த்துவார்கள். மணிக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை. கைப்பிடியை ஆட்டினால் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதைத் தெருத்தெருவாக ஆட்டிக்கொண்டு போய்த்தான் ஆட்களைக் கோவிலுக்குக் கூப்பிடுவார்கள்.

பூசை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டுக்காரம்மா அத்தையிடம், "மணியைக் கட்டிட்டாங்களே, நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்னு எப்புடித் தெரியும்?" என்று கேட்டாள்.

"கட்டை சத்தம் கேட்டா வாங்க. சனிக்கிழம வானவர் கீதத்துக்குத்தான் இனி மணி. அதுவரைக்கும் சாவு வுழுந்தாக்கூட மணி கெடையாது."

அத்தை சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அப்படியே நடை நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் சாவு என்பது மணியில்தான் வரும். ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி. கொல்லையில் நிற்கிறவர்கள் அப்படியே நின்று "யாரு?" என்பார்கள். பெயர் அதற்குப் பிறகுதான் தெரியும். மணி அடித்துச் சாவு வருகிறது என்றே நான் புரிந்துகொண்டிருந்தேன். மணியைக் கட்டிவிட்டார்கள். அப்படியானால் சனிக்கிழமைவரை அப்பா சாக முடியாது. அன்று இரவு நான் நன்றாகவே தூங்கினேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பயம் வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் ஊரில் அன்று மாலை சிலுவையை முத்தி செய்யும்போது, அதாவது வரிசையாகப் போய் முத்தமிடும்போது, பெண்கள் தரையில் உட்கார்ந்து மாதாவின் புலம்பலைப் பாடுவார்கள். மகனை மடியில் கிடத்திக்கொண்டு தாய் அழுகிற பாட்டு. எடுத்துக்கொடுப்பது எப்போதும் அத்தை. அந்தக் குரலுக்காகவே பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த ஆண்டு உபதேசியார் வந்து கூப்பிட்டும் அத்தை எழுந்திருக்கவில்லை.

"அக்கா, நீ எடுக்கலன்னா எப்புடி? சனம் ஒக்காந்திருக்கு."

"எங்க வூட்ல ஒருத்தன் கெடக்கையில நான் ஒப்பாரி வெக்க மாட்டேன். வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லுங்க."

"இது மாதாவுக்குப் பாடுறது, அக்கா."

"மாதாவுக்குத் தெரியும். நீங்க போங்க."

வேறொருத்தி எடுத்தாள். சுதி சேரவில்லை. அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்கும் பயப்படாதவள் ஒரு பாட்டுக்குப் பயப்படுவதைப் பார்த்ததும், என் கணக்கில் எனக்கே சந்தேகம் வந்தது. அதைவிட மோசமான ஒன்றும் உறைத்தது: மணியை என்றைக்குமாகக் கட்டிவைக்கவில்லை. நாளை அவிழ்ப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா போன் செய்தாள். சித்தப்பா வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினார். திரும்பி வந்து அத்தையிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. வீக்கம் தொடைவரை ஏறிவிட்டது. நேற்றிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. சிறுநீரகம் நின்றுவிட்டதோ என்று டாக்டர் பயப்படுகிறார். சாயங்காலம்வரை பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்புவதா என்று சொல்வார்களாம்.

"நான் கெளம்புறேன்க்கா."

"பூசைக்கு யாருடா வாசிக்கிறது? அவளே முடிச்சுட்டு வான்னுதான சொல்றா?"

"அண்ணிக்கு என்ன தெரியும்."

"நீ போய் அங்க என்ன பண்ணப் போற? அவன் ஒடம்புக்குள்ள பூந்து பாக்கப் போறியா? இங்க இருந்து வேண்டிக்க."

சித்தப்பா போகவில்லை. போனை மட்டும் கையிலிருந்து இறக்கவில்லை.

சாமியார் பங்கு ஊரில் நள்ளிரவுப் பூசை வைக்க வேண்டும் என்பதால் எங்களுக்கு இருட்டியதுமே பாஸ்கா பூசை தொடங்கிவிடும். அந்த ஆண்டு வந்தவர் புதிதாகக் குருப்பட்டம் பெற்ற இளைஞர். அவர் உடை மாற்றும் அறைக்கு நான் தனியாகப் போனேன். வானவர் கீதத்துக்கு முன்னால் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு உண்டு. எங்கள் ஊரில் மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். பாட்டுக் குழுவில் இருந்ததால் எனக்கு அது தெரியும்.

"சாமி, ஏழு வாசகமும் படிக்கணும்."

அவர் குனிந்து பார்த்தார். "எதுக்குமா?"

"எங்கப்பாவுக்காக."

அவருக்கு அப்பா விஷயம் தெரிந்திருந்தது. கண் கலங்கிவிட்டது. பிள்ளையின் பக்தி என்று நினைத்திருக்க வேண்டும். நான் கேட்டது மணியை இன்னும் கொஞ்ச நேரம் கட்டிவைக்க.

உபதேசியார் தலையில் கைவைத்தார். "ஏழுமா? சாமி, சனம் கொசுக்கடியில ஒக்காந்திருக்கு. அங்க ஒங்களுக்கு நேரமாயிடும்."

"பரவாயில்ல, நான் வேகமா வண்டிய ஓட்டிக்கிறேன். படிங்க."

படித்தார்கள். உலகம் படைக்கப்பட்டது. ஆபிரகாம் மகனைப் பலியிட மலையேறினார். கடல் பிளந்தது. ஒவ்வொரு வாசகத்துக்கும் பிறகு நாங்கள் கீபோர்டு இல்லாமல் ஒரு சங்கீதம் பாடினோம். வழக்கமாக மூன்றோடு முடிகிற இடத்தில் நாலாவது தொடங்கியபோது கோவிலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. குழந்தைகள் மடிகளில் சரிந்தன. எனக்கு மட்டும் வாசகங்கள் ஓடிப்போவதுபோல் இருந்தது. இன்னும் இரண்டு, இன்னும் ஒன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நின்றேன். ஏழாவதும் முடிந்தது.

சித்தப்பா துணியை விலக்கினார். போனைச் சத்தமில்லாமல் செய்து கீபோர்டின் மேல் வைத்தார். சாமியார் எழுந்து நின்றார். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன, பீடத்தின் திரை விலகியது, கோபுர மணி அடிக்கத் தொடங்கியது.

நான் வாயை அசைத்தேன், குரல் வரவில்லை. காதெல்லாம் மணியில் இருந்தது. வேகமாக அடிக்கிற மணி எந்த நொடியில் நிதானமாகிவிடுமோ, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எப்போது இடைவெளி விழுமோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டின் இரண்டாம் வரியில் போன் அதிர்ந்தது. கீபோர்டின் மேல் மெல்ல நகர்ந்தது. திரையில் 'அண்ணன்' என்று எழுதியிருந்தது. அப்பாவின் போன் அம்மாவிடம் இருந்தது.

சித்தப்பா அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. பாட்டு முடிகிற இடம் வந்தது. சித்தப்பா முடிக்காமல் பல்லவிக்குத் திரும்பினார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நாங்களும் திரும்பினோம். மறுபடி முடிகிற இடம், மறுபடி பல்லவி. சனங்கள் உற்சாகமாகிக் கைதட்டத் தொடங்கினார்கள். பாட்டு முடியும்வரை மணியை நிறுத்தக் கூடாது என்பதால் உபதேசியார் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறையும் சித்தப்பா திரும்பினார். சாமியார் புன்னகையோடு கை விரித்து நின்றார், பின்பு புன்னகை இல்லாமல் நின்றார். கடைசியில் அத்தை பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்து சித்தப்பாவின் தோளில் கைவைத்தாள். பாட்டு நின்றது. மணியும் நின்றது.

சித்தப்பா போனை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனார். வாசகம் படிக்கப்படும்போது அந்த வாசலைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. அல்லேலூயாவுக்குச் சற்று முன் திரும்பி வந்தார். முகமெல்லாம் தண்ணீர். குழாயில் கழுவியதா வேறா என்று தெரியவில்லை. உட்கார்ந்து, என் காதருகே குனிந்தார்.

"அப்பா ஒண்ணுக்குப் போயிட்டாராம், பாப்பா. ரெண்டு தடவ. பாடு."

அல்லேலூயாவை அவர் வழக்கத்தைவிட எவ்வளவோ மேல் சுதியில் எடுத்தார். யாராலும் எட்ட முடியவில்லை. அத்தை மட்டும் எட்டினாள்.

அப்பா வீடு திரும்பிய பிறகும் வெகுகாலம் அந்த வானவர் கீதத்தைப் பற்றி ஊரில் பேசினார்கள். அப்படியொரு பாஸ்கா பாட்டு நடந்ததே இல்லை என்றார்கள். கை வலியால் உபதேசியார் இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டார். சாமி காரியத்துக்கு நடுவே போனை எடுக்காத மனுஷன் என்று சித்தப்பாவுக்குப் பெயர் கிடைத்தது. நானும் அப்படித்தான் நம்பினேன். அவருக்கு இருந்த விசுவாசம் எனக்கு இல்லாமல் போயிற்றே, ஏழு வாசகம் என்று சாமியாரிடம் போய்க் கெஞ்சினேனே என்று வெட்கமாக இருந்தது.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் சித்தப்பா எனக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தார். தாளத்துக்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால் தாளம் தானே ஓடும். மெட்டுக்கு வலது கை போதும். சித்தப்பா வாசித்துக்கொண்டே இடது கையால் கண்ணாடியைச் சரிசெய்வார், பக்கம் புரட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டின் நடுவே போனை எடுத்து "பூசைல இருக்கேன், அப்புறம் கூப்புடுறேன்" என்று சொல்லி வைத்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் அந்தச் சனிக்கிழமையின் இடது கை என் நினைவில் வந்தது. அது கீபோர்டின் கட்டைகளின் மேலேயே ஒட்டிக்கொண்டு, தேவையே இல்லாமல், கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தது.