சங்கரா மீனில் நீலம்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலை என்பது பாதி சட்டம், மீதி நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பது. ஒரு சொட்டு விட வேண்டியது, காத்திருக்க வேண்டியது. அந்தக் காத்திருப்பில்தான் நான் கனவுக்குள் போய்விடுவேன். பள்ளியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடத்தைக் கோட்டைவிட்ட ரகம். தட்டில் விழுந்ததைச் சந்தேகத்தோடே சாப்பிடும் சக பாவிகளே, உங்கள் சோற்றுக்குக் காவல் இருப்பது யார் என்று உங்களுக்கும் தெரிய வேண்டாமா?

பட்டாணிக் குளம்

தி.நகரில் ஒரு சுண்டல் வண்டி. பட்டாணி கண்ணைப் பறிக்கும் பச்சை. சாயம் ஏற்றியிருந்தால் தண்ணீரில் இறங்கிவிடும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு பிடி போட்டுவிட்டு, அரைமணி நேரம் பார்ப்பதாக உத்தேசம். மாலை வெயில் டம்ளருக்குள் இறங்கியது. அடியில் கிடந்த பட்டாணி ஒவ்வொன்றும் மினுங்க, சுற்றிலும் புடவைக் கடைக் கூட்டத்தின் இரைச்சல் தூரமாகிப்போய், ஏதோ குளக்கரையில் தனியாக நிற்பதாகவே தோன்றிவிட்டது. தண்ணீர் கடைசிவரை தெளிவாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் ஓடியதுதான் எனக்குத் தெரியவில்லை. வண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மேடம், பட்டாணி நல்லா ஊறிக்கீது. தாளிச்சு உட்டுடட்டா?"

பாலில் விட்ட சொட்டு

இன்னொரு நாள், மயிலாப்பூரில் விடியற்காலைப் பால் சோதனை. எடுத்த பாலை நான்கு பாட்டில்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளவாகப் பார்மலின் விட வேண்டும். ஆய்வகம் போய்ச் சேரும்வரை பால் கெடாமல் இருக்க அதுதான் விதி. ஆமாம், பிணம் கெடாமல் இருக்க ஊற்றுகிறார்களே, அதே பார்மலின். கோபுரத்துக்குப் பின்னால் வானமும் பால் நிறத்திலேயே விடிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே விட்டதில் கொஞ்சம் கையுறையில் வழிந்தது. பாட்டில்களுக்கு நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்தேன். பால் வாங்க வந்த மாமி ஒருவர், பாட்டிலில் விட்டது என்ன என்று கேட்டார். சொன்னேன். மாமி தன் பால் பாத்திரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கலப்படத்தைப் பிடிக்கறேன்னு வந்துட்டு, நீங்களே பால்ல விஷத்தை விடறேளே! இது எந்த ஊர் நியாயம்?"

நீலம்

அங்கிருந்து நேராகப் பட்டினப்பாக்கம் மீன் கடைகளுக்குப் போனேன். மீன் கெடாமல் இருக்கப் பார்மலின் தடவுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வாரம் அது. கரையில் வியாபாரம் படுத்துவிட்டது. அங்கே மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்ததும் தானாகவே கூப்பிட்டார். "எம்மீனை மொதல்ல பாரு மேடம். நாலு பேர் முன்னாடி நல்ல மீனுன்னு சொல்லு. அடையாறு வாடிக்கைங்கோ ஒருத்தரும் வர்றதில்ல."

அவர் வீட்டுக்காரரின் படகில் அன்று காலை வந்த சங்கரா மீன். சோதனைக் காகிதத் துண்டை அதன்மேல் தேய்த்து, சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டேன். இரண்டு நிமிடம் காக்க வேண்டும். அலை வந்தது, போனது. நானும் அதோடு கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தேன். குனிந்து பார்த்தால் காகிதம் நீலம். நீலமென்றால் பார்மலின்.

வாங்க நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். என்னுடன் வந்த ஊழியர், மீனை அழிப்பதற்கான பிளீச்சிங் பவுடர் பையைப் பிரித்தார். அக்கா ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். கூட்டவில்லை. குனிந்து மீனை மோந்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்திழுத்து அதையும் மோந்தார்.

"மீனு கடல் வாசன அடிக்குது. உன் கைதான் மேடம் ஆஸ்பத்திரி வாசன அடிக்குது."

இன்னொரு துண்டு

பாலுக்கு மாட்டிய கையுறையைக் கழற்றவே மறந்திருந்தேன். புதுக் காகிதத்தை அதில் தேய்த்துச் சொட்டு விட்டேன். நல்ல கருநீலம். கழற்றி எறிந்து, கை கழுவி, புது உறை மாட்டி, கூடையில் வேறு வேறு மீன்களாக எடுத்துத் தேய்த்தேன். என் வாழ்நாளிலேயே கனவு காணாத இரண்டு நிமிடங்கள் அவை. எந்தக் காகிதமும் நிறம் மாறவில்லை.

அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பவுடர் மட்டும் கூடையில் விழுந்திருந்தால், மீனோடு அக்காவின் பெயரும் வெந்திருக்கும். அவர் காதருகே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்காதுல சொல்லி இன்னா பிரயோஜனம்? மருந்து மீனுன்னு கேட்டுக்கினு போனாங்களே, அவங்க காதுல போய்ச் சொல்லு."

சோப்பு

கடை கடையாகப் போய்ச் சொன்னேன். "தப்பு என் கையுறையில், ஸ்டெல்லா அக்கா மீன் சுத்தம்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பாதிப் பேர் திரும்பி வந்து வாங்கினார்கள். மீதிப் பேர் வரவில்லை, அந்தப் பாவம் எனக்குத்தான். மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையிலும் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

அடுத்த மாதம் போனபோது அக்காவின் கடையில் நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரையும் பிரிக்காத சோப்பையும் என் முன்னால் வைத்தார்.

"மொதல்ல கைய கய்வு மேடம். அப்பால எம்மீனைத் தொடு."

இத்தனை வருடம் ஊரெல்லாம் கலப்படம் தேடியதில், மறுபேச்சுக்கே இடமில்லாமல் பிடிபட்டது நான் ஒருத்திதான்.