யூனிட் பெட்டிக்குள் வைத்த கேசட்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி வழிந்து என் தோளில் சாய்ந்தால்கூடச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அப்படிப்பட்டவனைப் போய் ஐந்து பேர் கொண்ட குழுவுக்குத் தலைவனாகப் போட்டார் எங்கள் பேராசிரியர்.

எண்பதுகளின் பிற்பாதி. நாமக்கல்லில் கல்லூரிக் கடைசி வருடம். லாரிக்கு பாடி கட்டும் வேலையை வீடியோ எடுத்து, சுதந்திர தினக் கண்காட்சியில் டி.வி. வைத்துக் காட்ட வேண்டும். எங்கள் அப்பா ராசிபுரத்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். அதனால் எனக்கு ஒயர் தெரியும், ஒயர் தெரிந்தவனுக்கு வீடியோவும் தெரியும் என்று பேராசிரியர் கணக்குப் போட்டுவிட்டார். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால், கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரின் கேமரா சும்மா கிடந்தது. இரண்டு நாள் தந்தார். ஆவணி பிறந்துவிட்டால் கேமராவைக் கேட்டு வந்து நிற்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

உண்மையில் கேமரா பிடிக்கத் தெரிந்தவன் நானில்லை. குழுவில் இருந்த ஓமலூர்ப் பையன் ஒருவன். அவன் அப்பா நாங்கள் படமெடுத்த பட்டறையிலேயே மர வேலை செய்துகொண்டிருந்தார். லாரி கேபின் மேலே அவர் ஏறி உட்கார்ந்து பலகை இழைப்பதை அவன் பத்து நிமிடம் எடுத்தான். கேமரா தந்தவரின் ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தோம். சுருள் சுருளாக மரச்சீவல் விழுவதும், அவர் மூக்கு நுனியில் வேர்வை நிற்பதும் அவ்வளவு தெளிவு. எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அன்று வெளியே வந்ததும் அவன் கேட்டான்.

"டேய், கேசட்ட ஒரே நாளு குடுறா. எங்க தெருவுல படம் பாக்க டெக்கு வாடகைக்கு எடுக்கறாங்க. அப்பாவுக்குப் போட்டுக் காட்டிட்டுத் தாரேன். தான் வேல செய்யறத அவரு பாத்ததே இல்லடா."

"அதெல்லாம் ஆகாது. கண்காட்சிக்கு வரச் சொல்லு, பாக்கட்டும்" என்றேன். கேட்ட விதத்தில் எனக்கு ஏதோ இடித்தது. படத்தைப் பேராசிரியரிடம் தனியாகக் கொண்டுபோய்த் தன் வேலை என்று காட்டுவான், தலைவன் பதவி கை மாறிவிடும். அந்த எண்ணம் வந்த பிறகு அவன் சிரித்தாலும் சந்தேகம், சும்மா இருந்தாலும் சந்தேகம்.

இரண்டு நாள் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது அம்மா, "உன்ற கூட்டாளி வந்திருந்தான் சாமி. மோரு குடிச்சுட்டுப் போனான்" என்றார். நான் இல்லாத நேரம் பார்த்து எதற்கு வந்தான்? அன்றே கேசட்டை என் அலமாரியிலிருந்து எடுத்து, எவனும் கை வைக்காத இடமாகத் தேடினேன். மாரியம்மன் பண்டிகைகளுக்காக மைக் செட் சாமானெல்லாம் வெளியூர் போயிருந்தது. பழுதான யூனிட்டுகள் கிடந்த மரப்பெட்டி மட்டும் கடை மூலையில் இருந்தது. யூனிட் என்றால், குழாய் ஸ்பீக்கரின் பின்னால் திருகி மாட்டும் கனத்த உருண்டை. நாலு யூனிட்டுகளுக்கு நடுவே கேசட்டைச் செருகி, மேலே சாக்கைப் போட்டு மூடினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள், தலைப்பு சேர்ப்பதற்காக ஐந்து பேரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். கேசட்டைப் போட்டதும் திரையில் புள்ளியும் கோடும்தான். நடுநடுவே ஒரு டயர், ஒரு கை. அவன் அப்பா வந்த பத்து நிமிடத்தில் ஒரு முகம்கூட மிஞ்சவில்லை. வீடியோக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தானுங்க இருந்துது. எவனோ கை வெச்சிருக்கான்."

எனக்கு அது போதும். "நீதான்டா. எங்க ஊட்டுக்கு வந்து மாத்திட்ட. இது மட்டமான காப்பி. ஒரிஜினல எடு" என்று கத்தினேன். "பையத் தொற."

அவன் பையை மேஜைமேல் கவிழ்த்தான். ஒரு நோட்டு, ஒரு டிபன் பாக்ஸ், செய்தித்தாளில் சுற்றிய ஒரு வெள்ளைச் சட்டை. அப்போதுதான் கடையிலிருந்து இஸ்திரி போட்டு வாங்கியது. அவன் அளவில்லை, பெரியது. கண்காட்சிக்கு அவன் அப்பா போட்டுக்கொண்டு வருவதற்கு.

"பாத்துட்டீங்களா?" என்றான். சட்டையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். கண்காட்சியில் நாங்கள் அட்டையில் லாரிப் படம் வரைந்து மாட்டினோம். அவன் வரவில்லை.

பண்டிகை முடிந்து சாமானெல்லாம் கடைக்குத் திரும்பியது. பெட்டியைத் திறந்த அப்பா, நான் அவசரத்தில் அதற்குள்ளேயே விட்டுவிட்ட கேசட்டின் காலி உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுக்குள்ள கேசட்டு வெச்சவன் எவன்டா? காயிலுதானே எரிஞ்சு போச்சு, காந்தம் அப்படியேதான இருக்குது? கேசட்டுல இருக்கறதையெல்லாம் அழிச்சுப் போட்டுருமே!"

கீழே விழுந்த திருகாணியை யூனிட்டைக் காட்டி எடுத்து விளையாடிய பிள்ளை நான். எனக்கா தெரியாது?

மறுநாளே, தப்பு என்னுடையதுதான் என்று அவனிடம் சொல்லிவிடப் பட்டறைக்குப் போனேன். அவன் அப்பாவுக்குப் பலகை தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் இறங்கி வந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"படம் கெட்டுப் போச்சுன்னு பையன் சொன்னானுங்க. மறுக்கா புடிக்க வந்தீங்களா சாமி?"

என் கையில் ஒன்றுமில்லை. அவன் பலகையைப் பிடித்தபடி, "இல்லீங்கப்பா, அவுங்க சும்மா வந்திருக்காங்க" என்றான்.

"ஆமாங்க, சும்மாத்தான் வந்தேன்" என்றேன். அவர் சட்டையைக் கழற்றித் திரும்ப ஆணியில் மாட்டினார். நான் பஸ் ஏறிவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கடைசிவரை அவனிடம் சொல்லவில்லை. நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்தே அவன் அப்படிச் சொன்னானோ என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.