வேகாதவர் உட்கார்ந்த பெஞ்சு

போன மாதம் மகனைப் பார்க்க லண்டன் போனேன். விமான நிலையத்தில் என்னை மட்டும் வரிசையிலிருந்து தனியே கூப்பிட்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லி, சட்டை சட்டையாக உதறிப் பார்த்தார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த அறையில் ஃபினாயில் வாடை. கோபம் வருவதற்கு முன்னால் எனக்கு மதினி ஞாபகம்தான் வந்தது.

அண்ணனுக்குக் கொழும்பில் பலசரக்குக் கடை. கல்யாணம் முடிந்த கையோடு அவன் கப்பலேறிவிட்டான். மதினியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே நானும் கடையில் வேலைக்குச் சேர வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியிருந்த சமயம். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. டெக்கில் மூட்டை முடிச்சுகளோடு போவதாவது என்று இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தூத்துக்குடியில் அப்போது கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும். துரைமார் போக நிழல்கூரை போட்ட லாஞ்சு, நாங்கள் போகத் தோணி. அதற்கும் முன்னால் ஃபினாயில் வாடையடிக்கும் ஒரு கொட்டகை. நம் துணிகளில் சீக்கு இருக்குமாம். பெரிய கொப்பரைக்குள் அடைத்து ஆவியில் அவித்துத்தான் திருப்பித் தருவார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை நின்றார். அவர் கையிலும் இரண்டாம் வகுப்பு டிக்கெட்தான். அவர் பெட்டியை யாரும் தொடவில்லை. நான் என் டிக்கெட்டை நீட்டி இங்கிலீஷில் நியாயம் கேட்டேன். டிக்கெட் பார்த்த குமாஸ்தா தமிழிலேயே, "கொட்டகைக்குப் போ, லே" என்றார்.

மதினி என் பக்கம் குனிந்து, "தம்பி, கல்யாணச் சேலைய மட்டும் விடச் சொல்லுங்க" என்று கெஞ்சினாள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் கொழும்புக் கரையில் இறங்க வேண்டும் என்பது அண்ணன் ஆசை. பட்டு பாழாகிவிடும் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்தேன். குமாஸ்தா விடவில்லை; துணி அவிந்து வெளியே வந்ததும்தான் விஷயம் தெரிந்தது. அண்ணனுக்குப் பிடித்த உடன்குடிக் கருப்பட்டியை, எறும்புக்குப் பயந்து சேலை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். ஆவியில் அது உருகி, பட்டு முழுக்க இறங்கியிருந்தது.

மதினி அழவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய், பிசுபிசுத்த அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு வந்தாள். தோணியைத் தாண்டி நடந்தாள். லாஞ்சில் ஏறி, துரைக்கு எதிரே நிழல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.  ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஏளா, அது தொரைமாரு எடம். எறங்கு" என்று குமாஸ்தா கத்தினார்.

"எறங்க மாட்டேன் அண்ணாச்சி. எங்க சீக்கத்தான் வேக வச்சுக் கொன்னுட்டியள்லா? இவியளத்தான் இன்னும் வேக வைக்கல. பயந்தா நான்லா பயப்படணும்?"

அவள் என்ன சொல்கிறாள் என்று துரை என்னைக் கேட்டார். குமாஸ்தா டிக்கெட்டைக் கிழித்துவிட்டால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். மதினியைப் பார்த்தேன். ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டேன். அவிப்பதற்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முட்டை அவிக்கிற வார்த்தைதான், அதையே போட்டேன். துரை எழுந்துபோய் லாஞ்சின் முனையில், வெயிலில் நின்றுகொண்டார். லாஞ்சு கிளம்பிவிட்டது. எனக்கு அன்றைக்கு வந்த கர்வம் பிறகு எதிலும் வந்ததில்லை.

கொழும்புக் கரையில் அண்ணன் பதறினான். "சேலைக்கு என்னாச்சு?"

"ஒங்களுக்குக் கொண்டாந்த கருப்பட்டியத்தான் கட்டிருக்கேன்" என்றாள்.

அந்தக் கப்பல் நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கொட்டகை இருந்த இடம்கூட அடையாளம் தெரியவில்லை. மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தபோது, சுதந்திரம் வந்த பிறகு ஒருமுறை அவளோடு கப்பலில் ஊருக்குத் திரும்பினேன். கரைக்குக் கொண்டுவர அதே லாஞ்சு வந்தது. நிழல் பெஞ்சு காலியாகக் கிடந்தது. மதினி நட்டநடுவில் உட்கார்ந்து, கரை வருகிறவரை சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எந்திரின்னு சொல்ல ஒருத்தனயும் காணமே தம்பி" என்றாள். "சண்டைக்குன்னே வந்தேன்."