வெட்டிவிட்டு வந்த நகம்

ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சிறிய அறையில் பதினாறு வருஷமாகத் தோலையும் நகத்தையும் சுரண்டிக்கொண்டிருப்பவளுக்குச் ‘சுரண்டல் அக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு ஒரு நிமிஷம் முழிப்பார்கள்.

படை, தலையில் வட்டமாக முடி உதிர்வது, நகம் பொடிவது எல்லாம் அவளிடம்தான் வரும். படையின் ஓரத்தில்தான் செதிலெடுப்பாள். பூஞ்சை மேய்வது ஓரத்தில்தான். கண்ணாடித் துண்டில் வைத்துக் காரக்கரைசல் ஒரு சொட்டு விடுவாள். தோல் கரைந்துபோகும், பூஞ்சை கரையாது. பிறகு மைக்ராஸ்கோப்.

அவளுக்கு ஒரே எரிச்சல், வருகிறவர்களின் மரியாதை. பொண்ணு பார்க்க வருகிற மாதிரி கழுவித் துடைத்து, களிம்பும் பூசிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவள் எதைச் சுரண்டுவது?

அன்றைக்கு அண்ணியும் அப்படித்தான் வந்தாள். பியூட்டி பார்லரில் நகம் சீர் செய்வது அண்ணிக்கு வேலை. கட்டைவிரல் நகம் மஞ்சளாகத் தடித்திருப்பதைப் பார்த்த முதலாளியம்மா, பூஞ்சை இல்லை என்று ரிப்போர்ட் கொண்டுவந்தால்தான் உள்ளே வரலாம் என்றுவிட்டாள். அண்ணன் வேலையில்லாமல் இருந்த எட்டு மாதமும் அந்த வீடு ஓடியது அண்ணியின் கையால்தான்.

“எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கேன் பாரு. ஒரு வாரமா களிம்பு வேற.”

சதை வரைக்கும் ஒட்ட வெட்டியிருந்தாள். கிடைத்த துளித் தூளைக் கரைசலில் ஊறப்போட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் மூலை முடுக்கெல்லாம் தேடினாள். ஒன்றுமில்லை.

‘பூஞ்சை தெரியவில்லை’ என்று எழுதினால் அது பொய் ஆகாது. அதுதான் சங்கடம்.

“இருக்கா, இல்லையா?”

“தெரியலை அண்ணி.”

“தெரியலைன்னா இல்லைன்னுதானே? எழுது.”

“நோய் பிடிச்ச பக்கத்தை நீங்க வெட்டிப் போட்டுட்டீங்க. நான் உங்க வீட்டுக் குப்பைத் தொட்டியிலயா போய்ப் பாக்கறது?”

“ஊரார் நகத்துக்கெல்லாம் எழுதறே. சொந்த அண்ணிக்கு ஒரு வரி எழுதக் கை வரலை, இல்ல?”

அவள் எழுதினாள்: ‘மாதிரி போதாது. களிம்பை நிறுத்தி, மூன்று வாரம் நகத்தை வளரவிட்டு வரவும்.’ அண்ணி அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் அண்ணன் ஃபோன் செய்தான்.

“ஏன்டி, ஒரு வரிதானே?”

“ஆமா, ஒரு வரிதான்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அண்ணி வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை; கையை மட்டும் நீட்டினாள். நகம் கீழிருந்து தூக்கிக்கொண்டு நின்றது. அக்கா மேலாக வந்த தூளைத் தள்ளிவிட்டு, உள்ளே ஆழத்தில் இருந்ததை எடுத்தாள். இந்தத் தடவை தேடவே வேண்டியிருக்கவில்லை.

“வந்து பாருங்க. ஒரு கண்ணை மூடிக்கோங்க.”

அண்ணி குனிந்தாள். கணுக்கணுவாக, கிளை பிரிந்து ஓடும் இழைகள்.

“கரப்பான்பூச்சி மீசை மாதிரி இருக்கே. இதுவா என் விரல்ல?”

“இதுதான்.”

அண்ணி நிமிரவில்லை. “நகம் தேய்க்கிற பட்டை அங்க ஒண்ணுதான் இருக்கு. வர்ற எல்லாருக்கும் அதுதான்” என்றாள் மெதுவாக. பிறகு ரிப்போர்ட்டை வாங்கி இரண்டாக மடித்தாள். “கொடு. நானே முதலாளியம்மா கையில கொடுத்துச் சொல்லிடறேன்.”

மூன்றாம் நாள் காலை தெரியாத நம்பரிலிருந்து ஃபோன்.

“வணக்கம், பியூட்டி பார்லர்லேருந்து பேசறோம்.”

“யாருங்க?”

“நான்தான்டி. பேசிப் பழகறேன். புது நகம் முழுசா வர்ற வரைக்கும் ஃபோனைப் பாத்துக்கோன்னுட்டாங்க முதலாளியம்மா.”

“டாக்டர் கொடுத்த மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன், போட்டேன். இன்னொரு கால் வருது, வை.”