துவாரகா வீட்டிலிருந்து இன்னொரு லாகின்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. போன ஜனவரி, ஞாயிறு மதியம் 2:40. டெல்லி துவாரகாவில் கம்பெனி கொடுத்த ஃப்ளாட்டில் தனியாக இருந்தேன். பட்டப்பகலில் நடந்தது இது.

வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள். எங்கள் சர்வர் நொய்டாவில் இருக்கிறது. அதில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்குக்கு ரூட் என்று பெயர். யாரும் எங்கிருந்தும் நேராக ரூட்டாக நுழையலாம் என்று விட்டு வைத்திருந்தார்கள். சோம்பேறிகள்! அந்த வழியை மூடி, அவரவர் பெயரில் நுழையும்படி மாற்ற வேண்டும். மேனேஜர் ராமசுப்ரமணியன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்குக் காலைல செக்யூரிட்டி ஆடிட், உதயா. அது திறந்து கெடந்தா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

வீட்டிலிருந்தே நுழைந்தேன். ரூட் நேராக நுழையலாமா என்ற செட்டிங்கில் 'யெஸ்' என்றிருந்ததை 'நோ' ஆக்கினேன். சேமித்தேன். திறந்து பார்த்தேன்.

'யெஸ்'.

மறுபடி மாற்றினேன். 2:52. மறுபடியும் 'யெஸ்'.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தேன். இரண்டு ரூட். ஒன்று நான். இன்னொன்று... அதே இன்டர்நெட் முகவரி. என் வீட்டினுடையது.

பக்கத்து அறையில் சத்தம். டக்... டக்டக்... டக். கீபோர்டு.

அந்த அறையில் வெறும் கட்டில்தான் உண்டு.

பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடவில்லை.

"கௌன் ஹை?" யாரது என்று இந்தியில் கத்தினேன்.

டக்டக்... டக்...

"இது இப்ப என் சர்வர். வெளிய போ!"

3:07. அந்த இணைப்பை வெட்டினேன்.

சத்தம் நின்றது.

'நோ' போட்டேன். இந்த முறை மாறவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தேன். கட்டில்... அவ்வளவுதான்.

மறுநாள் ஆடிட்டில் தேறினோம். அப்புறம் ராமசுப்ரமணியன் சர்வரின் பதிவைக் காட்டினார். 3:06க்கு அந்த இன்னொரு ரூட், என் பெயரில் இருந்த கணக்குக்கு நிர்வாக உரிமை கொடுத்திருந்தது. நான் கொடுக்க மறந்த உரிமை. முதல் தடவையே மூடியிருந்தால், எதையும் மாற்ற வழியில்லாமல் நானே வெளியே நின்றிருப்பேன். வேலையும் போயிருக்கும்.

"உள்ள வந்தது பட்டாபியோட கீ," என்றார். கீ என்றால் ஒருவருக்கென்று சர்வரில் பதித்து வைக்கும் டிஜிட்டல் சாவி. பட்டாபி எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர். அதே ஃப்ளாட், அந்தப் பக்கத்து அறை, மாரடைப்பில் இறந்திருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா அந்த வீட்டுக்கு வந்திருப்பியா?"

"வந்திருப்பேன் சார். இப்பவும் காலி பண்ண மாட்டேன். அந்தக் கீயை மட்டும் முதல் நாளே அழிச்சிருப்பேன்."

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி எதையோ தேடினார்.

"அவன் போன அன்னிக்கே அதை நான் அழிச்சுட்டேன்மா. இப்பவும் பார்த்தேன்... சர்வர்ல அப்படி ஒரு கீ இல்ல."