அக்கா விடச் சொன்னது எதை?

இது நடந்து நாலைந்து வருடம் இருக்கும். ஐப்பசி மாதம், சேத்தூரில் எங்கள் மேலச்செய்யில், காலை எட்டு மணி சுமாருக்கு. எங்கள் பக்கம் நெல் வயலைச் செய் என்று சொல்வோம். கிணற்றை ஒட்டி இருந்தால் கிணற்றுச்செய், மேற்கே இருந்தால் மேலச்செய். வெளியூர்க்காரர்கள் இந்த ஒரு வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

அப்போது என் வீட்டுக்காரர் ராணுவத்தில், வடகிழக்கு எல்லையில் இருந்தார். மாமனார் காலமான பிறகு விவசாயம் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்கிறேனே தவிர, குத்தகைக்கு விடச் சொன்ன அத்தனை பேரிடமும் சண்டை போட்டு நானாகத்தான் தலையைக் கொடுத்தேன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், பிடிவாதமும் கொஞ்சம் அதிகம். நான் பிறந்தது பிளவக்கல் பக்கம். அந்த ஊர்த் தண்ணீர் அப்படி என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அடுத்த செய் ஒரு அக்காவுடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பம். எங்களிடம் தமிழ்தான், அதுவும் எங்களைவிட வேகமாகப் பேசுவார். கணவர் இல்லை. ஒரே மகன், போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று தினமும் விடியற்காலையில் ரோட்டில் ஓடிக்கொண்டிருப்பான். எத்தனையோ நாள் அந்த அக்காவும் நானும் ஒரே தூக்குவாளியில் மோர் குடித்திருக்கிறோம்.

நடவுக்கு முன்னால் வரப்பைச் செதுக்குவது வழக்கம். புல்லையும் எலி வளையையும் எடுத்துவிட்டு, ஓரத்தைச் சீவி, சேறு வைத்துப் பூசுவோம். அவரவர் பக்கத்தை அவரவர் செதுக்க வேண்டும். மம்பட்டி கையில் இருக்கும்போது அது ஒரு விரல் உள்ளே போகத்தான் செய்யும். யாருடைய மம்பட்டி உள்ளே போகிறது என்பதில்தான் வருடா வருடம் முணுமுணுப்பு. அந்த வருடம் முணுமுணுப்போடு நிற்கவில்லை.

நான் செதுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வரப்ப மொத்தமா வாரிட்டுப் போயிருவ போலிருக்கே" என்றார்.

"போன வருசம் நீங்க வாரினதத்தான் திரும்ப எடுக்கேன்" என்றேன் நான்.

அங்கிருந்து பேச்சு என் மாமனாரிடம் போனது, பிறகு அவருடைய மாட்டிடம் போனது, பிறகு இரண்டு வீட்டின் மூன்று தலைமுறைக்கும் போய்வந்தது. கடைசியில் அக்கா வரப்பிலிருந்து இறங்கி என் மம்பட்டியைப் பிடித்தார். அவருடைய வலது கையில் புல்லறுத்த அரிவாள் அப்படியே இருந்தது. அதைக் கீழே போட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கோ அந்த அரிவாளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. மம்பட்டியைப் போட்டுவிட்டு அவருடைய வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

அவர் கத்தினார். "செய்ய விடு! செய்ய விடு!" என்று என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அரிவாளை வைத்துக்கொண்டு என் செய்யையே விட்டுப் போகச் சொல்கிறாளே என்று நினைத்தேன். "விட மாட்டேன்! உசுரு போனாலும் விட மாட்டேன்!" என்று நானும் கத்தினேன். அவர் விடு விடு என்று கத்தக் கத்த நான் இன்னும் முறுக்கினேன். ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி சின்னச் சத்தம்தான். அதற்குள் அவர் மகன் ஓடி வந்து என்னைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். சேற்றில் வழுக்கி எல்லைக் கல்லில் போய் விழுந்தேன். நெற்றியில் ஆறு தையல்.

ராஜபாளையம் பெரியாஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் எதிரெதிரே கட்டில் கிடைத்தது. எனக்குத் தலையில் கட்டு, அவருக்குக் கையில் கட்டு. அவர் திரும்பினால் நான் சுவரைப் பார்ப்பேன், நான் திரும்பினால் அவர் ஜன்னலைப் பார்ப்பார். அங்கேயே போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். 'அரிவாளைக் காட்டி, செய்யை விடு என்று மிரட்டினார். மகன் கீழே தள்ளினான்' என்று சொன்னேன். தள்ளினான் என்பது பொய் என்று அப்போதே தெரியும். கோபத்தில் அந்தப் பொய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர்களும் என்மேல் புகார் கொடுத்தார்கள். ஆக இரண்டு வழக்கு, இரண்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில்.

அவர்கள் புகாரின் நகலை வக்கீல் எனக்கு வாசித்துக் காட்டினார். 'கையை விடு என்று நான் கெஞ்சியும் விடாமல் முறித்துவிட்டார்' என்று இருந்தது. நான் கைகொட்டிச் சிரித்தேன். "பச்சப் பொய் சார். அவிய வாயில கைங்கிற சொல்லே வரல. அந்தச் சாமி மேல சத்தியமா வரல" என்றேன். ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி நான் ஒரு வீராங்கனை ஆகிவிட்டேன்.

மறு வருடம் அந்தப் பையன் போலீஸ் தேர்வில் எல்லாம் தேறிவிட்டான். ஆனால் கேஸ் நிலுவையில் இருக்கிறது என்று வேலை உத்தரவு வராமல் நின்றது. கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ராணுவக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். ஒரு செலக்ஷனுக்காக ஒரு வீடு எப்படிக் கும்பிட்டுக் கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் சந்தோஷப்பட்டேன்.

வாய்தாவுக்கு வாய்தா ஒரே பஸ்ஸில்தான் போவோம். சேத்தூரிலிருந்து காலையில் வசதியான பஸ் அது ஒன்றுதான். சண்டைக்காரர்களுக்கு என்று தனி பஸ்ஸா விடுவார்கள்? அவர் முன்னால் உட்கார்ந்தால் நான் பின்னால், அவ்வளவுதான். கண்டக்டருக்கு எங்கள் கதை முழுக்கத் தெரியும். டிக்கெட் கிழிக்கும்போதே, "ரெண்டு பேருக்கும் கோர்ட்டுதான?" என்று சிரிப்பார்.

அப்படி ஒரு வாய்தா அன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா முதலில் இறங்கினார், அவருக்குப் பின்னால் படியில் நான். கீழே நின்றிருந்த அவருடைய தங்கை, ஒத்தாசையாக அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தார். உடைந்து கட்டிய அதே கை. அக்கா அலறினார்.

"ஐயோ, செய்யி விடு! செய்யி விடு!"

தங்கை சட்டென்று கையை விட்டுவிட்டார்.

அதே குரல், அதே ராகம். அன்று வயலில் 'செய்ய விடு' என்று என் காதில் விழுந்தது இதுதான். தங்கையிடம் செய் ஏது, அதை அவர் விடுவதற்கு? அவர் விட்டது கையை. நான் படியிலேயே நின்றுவிட்டேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, "எக்கா, எறங்குதியளா, இல்ல மதுரைக்கு டிக்கெட் போடட்டா?" என்று சத்தம் போட்டார்.

கோர்ட்டுக்கு வெளியே எங்கள் வக்கீலின் குமாஸ்தா கேஸ் கட்டுகளோடு நின்றிருந்தார். அவரும் தெலுங்குக்காரர்தான். போன வேகத்தில் கேட்டேன். "அண்ணாச்சி, ஒங்க பாசையில செய்யின்னா என்னது?"

அவர் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதான். ஏன் கேக்கிய?"

வலி வந்தால் யாருக்கும் வீட்டுப் பாஷைதான் வரும். எங்கள் செய், அவர்களுக்குக் கை. அவர் கையை விடு என்று கெஞ்சியிருக்கிறார், நிலத்தை விட மாட்டேன் என்று நான் அந்தக் கையை முறித்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் விவசாயம் பார்த்தும் எனக்குத் தெலுங்கில் தெரிந்தது வா, போ, சாப்பிட்டாயா என்ற மூன்றுதான். புகார் நகலில் எல்லாம் தமிழில் இருந்ததால் அந்த வார்த்தை அதிலும் அகப்படவில்லை.

வக்கீலிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பதறிவிட்டார். "வாயத் தொறக்காதீங்கம்மா. நீங்க இதச் சொன்னா ஒங்க கேஸ் படுத்திரும். அவங்க கேஸ் நிமிந்து நிக்கும். கைய ஒடிச்சது நீங்க" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. வராந்தா ஓரமாகப் போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அதிசயமாக உடனே கிடைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்; பையன் தள்ளவில்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். பிறகு, "அந்தப் பையன் தள்ளினான்னு சொன்னியே, அது என்ன பாசையில விழுந்துச்சு ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

நேராக அக்காவிடம் போனேன். மகன் பக்கத்தில் நின்றிருந்தான். ஓடி ஓடி வைரமாயிருந்த பையன், அந்தச் சில மாதத்தில் பாதியாகியிருந்தான்.

"அக்கா, அன்னைக்கு விடு விடுன்னு சொன்னியளே. எத விடச் சொன்னிய?"

"இதென்ன புதுக் கேள்வி? கையத்தான். கால நீ புடிக்கலியே."

"நான் நெலத்தன்னு நெனச்சிட்டேன் அக்கா. செய்யவிட்டுப் போன்னு சொல்லுதியன்னு நெனச்சிட்டேன்."

அக்கா என்னையே பார்த்தார். தன் கையையும் ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏட்டி, நெலத்த விடுன்னு எவளாவது அழுதுக்கிட்டேவா சொல்லுவா?"

நிஜம்தான், அவர் அழுதுகொண்டுதான் கத்தினார். நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. அரிவாளையும் வார்த்தையையும் மட்டும்தான் பார்த்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதே நேரம் அக்கா தன் தங்கைக்குத் தெலுங்கில் விஷயத்தைச் சொல்ல, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அக்காவுக்கும் அடக்க முடியவில்லை. "தெலுங்குல எனக்கு ரெண்டு செய்யி, தமிழ்ல ஒரு செய்யி. மூணுக்கும் ஒரே நாள்ல சண்டைக்கு வந்தவ இவ ஒருத்திதான்" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். டவாலி வந்து, இது கோர்ட்டா கல்யாண வீடா என்று அதட்டிவிட்டுப் போனார்.

அன்று நீதிபதி அம்மாவின் முன்னால் நின்று உள்ளதைச் சொன்னேன். நான் கேட்டது தப்பு, பையன் என்னைத் தள்ளவில்லை, சண்டையை விலக்கத்தான் இழுத்தான், கையை ஒடித்தது நான்தான். அவர் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். அக்கா எழுந்து, "எனக்கும் இவிய மேல கேஸ் வேண்டாம்மா" என்றார். நான் அவரிடம் அதைக் கேட்கக்கூட இல்லை. அடுத்தடுத்த வாய்தாக்களில் இரண்டு வழக்கும் ராஜியாகி முடிந்தன. பையனுக்கு உத்தரவு வர இன்னும் சில மாதம் இழுத்தது. வந்ததும் என் வீட்டுக்கு ஒரு டப்பா பால்கோவாவோடு வந்தான். "அத்தை, கைய நீட்டுங்க" என்றான். நீட்டினேன். "தெலுங்குல நீட்டுதியளா, தமிழ்ல நீட்டுதியளா?" என்று கேட்டான் அந்தக் குறும்பன்.

பிறகு சர்வேயரை வரவழைத்து அளந்தோம். சங்கிலியின் ஒரு முனையை நானும் மறு முனையை அக்காவும் பிடித்தோம். யாருடைய நிலமும் குறையவில்லை. குறைந்தது வரப்பு. இரண்டு பக்கமும் இரண்டு பேரும் வருடக்கணக்காகச் செதுக்கிச் செதுக்கி, ஆள் நடக்க முடியாதபடி அதை மெலிய வைத்திருந்தோம். சர்வேயர் சிரித்துக்கொண்டே போனார். நாங்கள் சேறு அள்ளிப் போட்டு அதைப் பழையபடி அகலமாக்க இரண்டு நாள் ஆனது.

இன்றைக்கும் இந்தக் கதையைக் கல்யாண வீடு, காதுகுத்து எங்கே போனாலும் என்னைச் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும் அபிநயத்தோடு சொல்கிறேன். ஆனால் அக்காவின் மணிக்கட்டு முழுதாக மடங்குவதில்லை. நடவு நேரத்தில் நாற்று முடியைச் செத்த நேரம் பிடித்ததும் கை மாற்றிக்கொள்வார். வலிக்கிறது என்று ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. அவர் கை மாற்றுவதைப் பார்க்கிற போதெல்லாம் தோன்றுகிறது: தெலுங்கு தெரியாதது என் தப்பில்லை, அழுகிற முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு எந்தப் பாஷையும் தேவைப்பட்டிருக்காது.