சுருளியாண்டி மலையில் வைத்த கற்கள்

சிலமலையிலிருந்து வந்த முதல் பஸ்சின் கண்டக்டர்தான் செய்தி சொன்னார். "வாத்தியாரே, நம்ம சுருளியாண்டியண்ணே போயிட்டாரு. வெள்ளன மாட்டை அவுக்கப் போனவரு தொழுவத்துலயே சாஞ்சிட்டாராம். வெரசா கெளம்புங்க." வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். போகிற வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐம்பது வயதுகூட ஆகாத மனிதருக்கு அப்படி என்ன அவசரம்?

அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் அவரைக் கேலியும் சிரிப்புமாகத்தான் அறிவீர்கள். நானும் முதலில் அப்படித்தான் அறிந்தேன். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். அவருடைய கடலைக்காட்டின் ஓரத்தில் பழங்காலத்துப் புதைமேடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, போடியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். இடுப்பளவு மேடு, அதைச் சுற்றி வட்டமாகப் பெரிய கற்கள். ஏரை நிறுத்திவிட்டு வந்தவர், "பொதையல் தேட வந்தீகளா வாத்தியாரே? கெடச்சா ஆளுக்குப் பாதி" என்றார்.

புதையல் இல்லை, அந்தக் காலத்து மனிதர்கள் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம் இது, அடையாளத்துக்குத்தான் இந்தக் கற்கள் என்று விளக்கினேன். மழையில் கரைந்த ஒரு பக்கத்தில் சின்னத் தாழி ஒன்றின் விளிம்பு தெரிந்தது. "இது குழந்தையாக இருக்கும்" என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது.

"சின்னப் பிள்ளைக்குமா கல்லு வச்சாக?"

ஆமாம் என்றேன். அவர் அப்படியே உழவு மண்ணில் உட்கார்ந்து, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகுதான் சொன்னார். அதற்குப் பல வருஷம் முன்னால் அவரும் மனைவி பேச்சியம்மாளும் குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் வேலைக்கு இருந்தார்கள். ஏலக்காய் மூட்டைகளோடு அவர் போடிக்கு இறங்கிய சமயத்தில், மூன்று வயது மகள் வெள்ளையம்மா மலைக்காய்ச்சலில் இறந்துவிட்டாள். தாய்க்கும் அதே காய்ச்சல், நினைவு தப்பியிருந்தது. மழையில் பாதை அடைபட்டு, அவர் மூன்றாம் நாள்தான் மேலே போய்ச் சேர்ந்தார். கூட வேலை செய்தவர்கள் பிள்ளையைப் புதைத்திருந்தார்கள். சிறுபிள்ளைக்குக் கல் வைத்தால் அடுத்த பிள்ளை தங்காது என்பது அவர்கள் வழக்கம், அதனால் வைக்கவில்லை. மழை மண்ணைச் சமன்படுத்திவிட்டது. ஒருவன் பலாமரத்தடியைக் காட்டினான், இன்னொருவன் ஓடைக்கரையைக் காட்டினான். அடுத்த பிள்ளையும் பிறக்கவில்லை.

"எந்தக் காலத்துலயோ செத்த பிள்ளை கெடக்குற எடம் தெரியுது. எம்புள்ள கெடக்குற எடம் எனக்குத் தெரியலையே, வாத்தியாரே" என்று வாய்விட்டு அழுதார்.

அதற்கப்புறம் அந்த மேட்டுப் பக்கம் ஏர் போகவே விடவில்லை. "நாலு சால் போனாப் போகுது" என்பார். அடுத்த விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். தோட்டத்தார் கைவிட்ட சரிவு அது, ஆள் மறைக்கும் புதர். ஓடையிலிருந்து கல் சுமந்து, பலாமரமும் ஓடைக்கரையும் உள்ளே அடங்குகிற மாதிரி வட்டமாக அடுக்கினோம். மூன்று நாள் ஆயிற்று. என் கையெல்லாம் கொப்புளம்.

"இவ்வளவு பெரிய வட்டம் எதுக்கண்ணே?" என்று சலித்துக்கொண்டேன்.

"இதுக்குள்ள எங்கிட்டோ இருக்காள்ல. அது போதும்" என்றார். இறங்கும்போது, "பேச்சிக்குத் தெரிய வேணாம். அவ தாங்க மாட்டா" என்றார். வருஷா வருஷம் போய்ப் புதர் வெட்டிவிட்டு வந்தோம், மலையில் சோலி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு.

காரியம் முடிந்த அன்று பேச்சியம்மாள் மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கல்லு வச்ச எடம் ஒங்களுக்குத் தெரியுமுல்ல?"

திடுக்கிட்டுப்போனேன்.

"போன வருசம் காய்ச்சல்ல பெனாத்துனாரு. அவரு மறைக்கிறாரேன்னு நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறல. என்னை ஒருக்கா கூட்டிட்டுப் போங்க."

போகலாம் மதினி என்றேன்.

அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது அந்த வழிதான். குரங்கணி தாண்டி எந்த ஓடையில் திரும்ப வேண்டும் என்பது இன்று என் ஒருவனுக்குத்தான் தெரியும். மழை விட்டதும் மதினியைக் கூட்டிப்போகிறேன், நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொண்டாவது போகிறேன். பெற்ற தாய் அந்த இடத்தை இன்னும் பார்க்கவில்லை.